அவன் புலியாக இருக்கவேண்டாம்

சிறுவர் இலக்கியம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரே ஒரு பையனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பஸ் அத்தனைக்கும் நேரம் சொல்லுவான். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். மேல்மலையனூர்ப் பம்பைச் சத்தம் கேட்டால் அவனுக்கு உடம்பே நடுங்கும். "அது ஒரு மாதிரிப் பையன் சார்" என்று ஒரே வாக்கியத்தில் அவன் கதையை நாம் முடித்துவிடுகிறோம். அவனுக்கு இருப்பதற்குப் பெயர் ஆட்டிசம். 127 பேரில் ஒருவருக்கு அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 500 பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடக் குறைய இருக்கட்டும். அந்த நாலு பேர் நம் சிறுவர் கதைகளில் எங்கே? பேசுகிற நரி இருக்கிறது, பேசுகிற கிளி இருக்கிறது. பேசத் தயங்குகிற பிள்ளையைத்தான் விரல்விட்டு எண்ணவேண்டியிருக்கிறது!

எழுதியவர்களும் அவனைச் சும்மா விடவில்லை. 2003-இல் இங்கிலாந்தில் மார்க் ஹாடன் ஒரு நாவல் எழுதினார். ராத்திரியில் செத்துக்கிடந்த நாயைக் கொன்றது யார் என்று துப்பறிகிற 15 வயதுப் பையன் கதை; உலகமெல்லாம் விற்றது. பையன் கணக்கில் புலி. 2007-இல் ஷிவான் டௌட் எழுதிய கதையில், லண்டன் ராட்சத ராட்டினத்தில் ஏறிய ஒருவன் இறங்கவே இல்லை. மர்மத்தை அவிழ்ப்பவன் இதே மாதிரிப் பையன். அவன் வானிலையில் புலி. நம் 'ஹரிதாஸ்' 2013-இல் வந்தது. கண்கலங்க வைத்த படம், மறுக்கவில்லை. அங்கேயும் பையனை ஓட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தித்தான் கைதட்டச் சொன்னார்கள். ஆக, இவனுக்குப் பெஞ்சில் இடம் வேண்டுமென்றால் ஏதாவதொன்றில் புலியாக இருக்கவேண்டும். கணக்கில் 35 வாங்குகிற மற்ற பையன் கதாநாயகன் ஆகலாம். இவன் மட்டும் 100 வாங்கிக்கொண்டு வரணுமாம்! என்ன நியாயம் ஐயா இது?

புலியா என்று கேட்பதும் "இவன் எதற்குப் பயன்படுவான்" என்று கேட்பதும் ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற வியன்னா மருத்துவர் 1944-இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் அறிவுக்கூர்மை உள்ளவர்கள் சமூகத்துக்குப் பயன்படுவார்கள் என்று வாதாடினார். 1981-இல் லார்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த நிலைக்கு அவர் பெயரையே வைத்து உலகறியச் செய்தார். 2018-இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் பழைய கோப்புகளைப் பிரித்தார். மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கொல்ல நாஜிகள் நடத்திய ஆம் ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அதே ஆஸ்பெர்கர் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார் என்பது தெரியவந்தது. அங்கே செத்த குழந்தைகள் 789 பேர். பயன்படுகிற பிள்ளை, பயன்படாத பிள்ளை என்று கோடு கிழித்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளையின் கதி என்ன? நல்லெண்ணத்தோடு எழுதுகிற நம் கதாசிரியரும் தெரியாமல் அந்தக் கோட்டைத்தான் கிழிக்கிறார்.

"ஆஸ்பெர்கர் என்ற பெயரையே 2013-இல் அமெரிக்க மனநலக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன பேச்சு" என்று சிலர் கேட்கிறார்கள். யாரென்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒருதரம் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறவர்கள்! ஐயா, பெயரைத்தான் எடுத்தார்கள், ஆட்டிச வகைக்குள் சேர்த்தார்கள். பையன் அதே பெஞ்சில்தான் இருக்கிறான். நம் சட்டம் அவனை அடையாளம் காணவே நாளாயிற்று. 1995-ஆம் வருஷச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்தான், ஆட்டிசம் கிடையாது. 2016-ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகை ஆனபோதுதான் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. வட்டார வள மையத்திலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் மாறிப் பள்ளி பள்ளியாகப் போகிறாரே ஒரு சிறப்புப் பயிற்றுநர் அம்மா, அவருக்குத் தெரியும் அந்தச் சட்டத்தின் அருமை. அவருக்கு எந்த மேடையில் பொன்னாடை?

இன்னொரு கேள்வி, இது நியாயமான கேள்வி. "திறமையைக் காட்டினால் பெற்றவர்களுக்கு நம்பிக்கை வருமே?" வரும். ஆனால் எந்தத் திறமையும் வெளியே தெரியாத பிள்ளையைப் பெற்றவள் அந்தக் கதையைப் படித்தால், என் பிள்ளை அதற்கும் லாயக்கில்லையா என்று இன்னும் உடைந்துபோவாள். புலி இல்லாமலே கதை எழுத முடியும். தானே ஆட்டிசம் உள்ள எல் மெக்நிகால் 2020-இல் எழுதிய நாவலில், சூனியக்காரி என்று பழிசுமத்திக் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் கேட்டு ஊரோடு மல்லுக்கு நிற்கிறாள் ஒரு சிறுமி. அவள் கேட்பது நியாயம்; மதிப்பெண்ணுக்கு அங்கே வேலையில்லை. தமிழில் யெஸ். பாலபாரதி இத்தகைய பையனைப் பற்றி 'துலக்கம்' நாவல் எழுதியிருக்கிறார். சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருதை 2020-இல் பெற்றவரும் அவர்தான். ஒருத்தர் போதுமா? பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021-இல் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்த மாவட்டம் நம் விழுப்புரம். இங்கே எழுத ஆள் இல்லையா?

எழுதுங்கள். பையன் திருடனைப் பிடிக்கவேண்டாம், பந்தயத்தில் ஜெயிக்கவேண்டாம். பஸ் நேரத்தைக்கூடத் தப்பாகவே சொல்லட்டும். அந்தப் பயிற்றுநர் அம்மா ஒரு பக்கத்தில் வந்துபோகட்டும். மணியடிக்கிற பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இருக்கட்டும். அடிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக இவனுக்குக் கையைக் காட்டுகிறான். இவன் காதைப் பொத்திக்கொள்கிறான். அப்புறம்தான் மணி அடிக்கிறது.