கம்பியின்றி வரும் மின்சாரம்

பெங்களூரில் மெட்ரோ ரயில் 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதன் நிலையங்களில் பயணிகள் நாள்தோறும் ஓர் அட்டையை நுழைவாயிலில் காட்டிவிட்டு உள்ளே செல்கின்றனர். அந்த அட்டைக்குள் நுண்சில்லு ஒன்று உண்டு, பாட்டரி கிடையாது. அப்படியாயின் சில்லு இயங்குவதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நுழைவாயிலே அதைக் கம்பியின்றி வழங்குகிறது.

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. வாயிலிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. இவ்வகை அட்டைகளுக்குரிய அலைவெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். அதனால் எழும் காந்தப்புலம் அட்டையிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அச்சுருளுடன் ஒரு மின்தேக்கி இணைந்து அதே அலைவெண்ணில் ஒத்ததிர்கிறது. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு இசைவாகத் தள்ளினால் சிறு விசையும் பெரும் வீச்சைத் தருவதுபோல, ஒத்ததிர்வினால் மின்னழுத்தம் உயர்கிறது. டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்க, சில்லு விழித்தெழுகிறது.

ஆயினும் தொலைவு இம்முறைக்குப் பெரும் தடையாகும். சுருளின் அளவைவிடத் தொலைவு மிகுந்திருக்கும் நிலையில், அது மேலும் இருமடங்கானால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகிவிடும். 2007-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2 மீட்டருக்கு அப்பாலிருந்த 60 வாட் விளக்கை ஒத்ததிர்வு முறையில் எரியச் செய்தனர்; சுருளுக்குச் சுருள் சென்ற ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடே. இதற்கு மாறாக, 1902-ல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களை எட்டியது. 1905-ல் பெங்களூர்த் தெருக்களிலும் ஒளிர்ந்தது. அதைச் சுமந்து வந்தவை கம்பிகளே. நெடுந்தொலைவு மின்வழங்கலில் கம்பியின் இடத்தைச் சுருள்கள் பிடிக்க இயலாது.

கம்பி செல்லக் கூடாத இடத்திலேதான் இம்முறையின் அருமை விளங்கும். செவித்திறனற்ற குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் காக்ளியர் கருவி இதற்குச் சிறந்த சான்று. மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டத்தில் இதுவும் இடம்பெற்றுள்ளது. வழக்கமான கருவிகளில், தோலுக்கு அடியிலுள்ள பகுதிக்குப் பாட்டரி இல்லை. காதின் பின்புறம் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வெளிச்சுருள், சில மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலின் ஊடே மின்சாரத்தையும் ஒலிச்செய்தியையும் அனுப்புகிறது. தோலைத் துளைத்துக் கம்பி செலுத்தினால் நோய்த்தொற்றுக்கு வழி திறந்துவிடும் அல்லவா?

இங்கு மின்சுற்று வடிவமைப்போரின் பொறுப்பு பெரிது. ஓடி விளையாடும் குழந்தையின் வெளிச்சுருள் சற்றே விலகினாலும் மின்னழுத்தம் தாழும். மிகவும் தாழ்ந்தால் ஒலி அறுந்துபோகும். தோல் மெல்லியதாயின் மின்னழுத்தம் மிகும். மிகுதியான ஆற்றல் வெப்பமாகித் திசுவைத் தாக்கக்கூடும். ஆகவே உள்ளே மின்னழுத்தச் சீராக்கி வேண்டும். உள்ளிருக்கும் தேவையறிந்து வெளிச்சுற்று ஆற்றலைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும். சுருள்கள் நேராகப் பொருந்திய நிலையில் மட்டும் நன்கு இயங்கும் சுற்று, ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெறலாம்; வகுப்பறையில் அது தோற்றுவிடும்.

மின்சாரம் எவ்வளவு தொலைவு தாவியது என்பதைவிட, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தடையின்றிக் கிடைத்ததா என்பதே இத்துறையின் உரைகல். பயண அட்டை ஒருமுறை இயங்காவிட்டால் மறுமுறை காட்டலாம். ஆசிரியரின் சொல்லைத் தவறவிட்ட குழந்தைக்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை.