தாம்பரத்துக்குத் தெற்கே யார் பொறுப்பு?

(கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் பயணிகள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து ரயிலைவிட்டு இறங்கிய கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் இந்த மைதானத்துக்கு வந்திருக்கும் தோழர்களே!

உங்களில் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்து நாளைய ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அப்போது குரோம்பேட்டை எப்படி இருந்திருக்கும், பல்லாவரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏரியும் வயலும் மலையடிவாரமும்தான். ரயில் முதலில் வந்தது. அதை நம்பிக் குடித்தனங்கள் வந்தன. பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தன. தென்சென்னை அப்படித்தான் வளர்ந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே நமக்கு நடந்தது தலைகீழ். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று மனை போட்டு விற்றார்கள். அந்த மனைகளுக்கு அனுமதி கொடுத்தது அரசு. பத்திரப் பதிவுக் கட்டணம் வாங்கியது அரசு. வீட்டு வரி வாங்குவதும் அரசு. நகைகளை அடகு வைத்து, வங்கிக் கடன் வாங்கி, இருபது வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு நீங்கள் வீடு கட்டினீர்கள். சென்னைக்குள் வாடகை கொடுக்க முடியாதவன் வேறு எங்கே போவான்? இத்தனை பேரும் காலையில் வேலைக்கு எப்படிப் போவார்கள் என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. குடியிருப்பு வெகுதூரம் தெற்கே நகர்ந்துவிட்டது. ரயில்களில் பெரும்பகுதி இன்னும் தாம்பரத்திலேயே திரும்பிப் போகிறது.

மாலையில் தாம்பரம் பிளாட்பாரத்தைப் பாருங்கள். வண்டி அங்கேயே முடிகிறது. இறங்கிய கூட்டம் அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்து நிற்கிறது. அந்த வண்டி வரும்போதே கதவு வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். காலையில் இதன் மறுபக்கம். செங்கல்பட்டிலிருந்து கிளம்புகிற வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போது நிறைந்துவிடுகிறது. ஊரப்பாக்கத்துக்காரர் ஒரு காலை வைக்க இடம் தேடுகிறார். மகளிர் பெட்டியில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்குக் கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை.

படியில் தொங்குவது குற்றம் என்று அறிவிப்பு செய்கிறார்கள். 2018 ஜூலை 24-ஐ இந்தப் பாதையில் போகிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேல்மின்கம்பிக் கோளாறு. காத்திருந்த அத்தனை கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு திருமால்பூர் வண்டி விரைவு ரயில் பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த சுவரில் மோதி, படியில் நின்றவர்கள் விழுந்தார்கள். ஐந்து பேர் செத்துப் போனார்கள். அவர்கள் சாகசம் செய்யப் போகவில்லை. வேலைக்கும் படிப்புக்கும் போனார்கள். உள்ளே இடம் இருந்திருந்தால் உள்ளே நின்றிருப்பார்கள். சுவரை இடித்தார்கள், நல்லது. அந்தச் சுவர் வரைக்கும் மனிதனைத் தள்ளிய கூட்ட நெரிசலுக்கு என்ன செய்தார்கள்?

ஏன் இன்னும் வண்டி விட முடியவில்லை என்று கேட்டால், பாதை இல்லை என்கிறார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் நான்கு பாதைகள். இரண்டு புறநகர் ரயிலுக்கு, இரண்டு விரைவு ரயிலுக்கு. தாம்பரம் தாண்டினால் மூன்றுதான். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, ராமேஸ்வரம் என்று தெற்கே போகிற விரைவு வண்டிகளும், சரக்கு வண்டிகளும், நம்முடைய லோக்கலும் அந்த மூன்றில்தான் ஓட வேண்டும். விரைவு வண்டிக்கு வழிவிட்டு லோக்கல் சிக்னலில் நிற்கிறது. பல ஆண்டுகள் நாம் கேட்ட பிறகு 2025-இல் தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு ரயில்வே வாரியம் ஒப்புதல் கொடுத்தது. 30 கிலோமீட்டர், சுமார் 757 கோடி ரூபாய். வரவேற்கிறோம், மனதார வரவேற்கிறோம்.

ஆனால் ஒப்புதல் கடிதத்தில் ஏறி யாரும் வேலைக்குப் போக முடியாது. இதைக் கசப்பான அனுபவத்தில் சொல்கிறேன். வேளச்சேரி வரைக்கும் பறக்கும் ரயில் வந்தது 2007-இல். அங்கிருந்து பரங்கிமலை வரை நீட்ட வேண்டியது வெறும் ஐந்து கிலோமீட்டர். வேலை தொடங்கியது 2008-இல். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் அளவு நிலத்தை எடுப்பதில் வழக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் தூண்கள் பாதியில் நின்றன. அந்த ஐந்து கிலோமீட்டருக்காகக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து கல்லூரிக்கே போய்விட்டார்கள்.

இன்னொன்று. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி கடற்கரைக்கு வண்டி போனது 2024 அக்டோபர் கடைசியில். பதினான்கு மாதம். நான்கு கிலோமீட்டருக்கே இவ்வளவு என்றால், முப்பது கிலோமீட்டருக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க முடியுமா? தேதி சொல்லுங்கள். ஒவ்வொரு பகுதியும் எப்போது முடியும் என்று நிலையத்தில் பலகை வையுங்கள்.

அடுத்தது கிளாம்பாக்கம். தென்மாவட்டப் பேருந்துகள் எல்லாம் அங்கேதான் என்று முடிவு செய்து, 2023 டிசம்பர் 30-இல் முனையத்தைத் திறந்தார்கள். ரயில் தண்டவாளம் எங்கே இருக்கிறது? ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய வயதானவர், மூட்டையும் பையுமாக வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயில் ஏற வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. நிலையத்துக்கான வேலையே முனையம் திறந்த பிறகுதான் தொடங்கியது. பேருந்து முனையம் மாநிலத்தின் வேலை, ரயில் நிலையம் மத்திய அரசின் வேலை என்று விளக்கம் சொல்வார்கள். அந்த முதியவருக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளாம்பாக்கத்தில் பிளாட்பாரம் கட்டினால் மட்டும் போதாது. ஏற இடமில்லாத வண்டி அங்கே நின்றால், கூட்டத்துக்கு ஒரு நிலையம் கூடியதுதான் மிச்சம். நிலையத்தோடு வண்டிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும்.

மேற்கே ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது 1998-இல். ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகள். உலகத்துக்கே கார் ஏற்றுமதி செய்கிற ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக இதே கூடுவாஞ்சேரிக்கு, சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு பாதைத் திட்டம் பத்தாண்டுக்கு மேலாக ஏட்டில் இருக்கிறது. ஒரு பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். கணக்குப் புத்தகத்தில் பெயர் நீங்காமல் இருக்க ஆயிரம் ரூபாய்! அங்கே இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண் தொழிலாளர்களுக்கு நாம் கொடுக்கிற மதிப்பு அவ்வளவுதானா?

புறநகர் ரயிலால் நட்டம் என்கிறார்கள். ரயில்வேயின் கணக்கில் அது நட்டமாக இருக்கலாம். அந்த ரயில் இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கும் இருசக்கர வண்டிகள் எத்தனை, எரியும் பெட்ரோல் எவ்வளவு, போகும் உயிர்கள் எத்தனை என்று யாராவது கணக்கில் சேர்க்கிறார்களா? பல்லாவரத்தில் மேம்பாலம், பெருங்களத்தூரில் மேம்பாலம், வண்டலூரில் மேம்பாலம் கட்டினோம். நெரிசல் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு நகர்ந்ததே தவிரத் தீரவில்லை. பாலத்துக்குச் செலவழித்தால் வளர்ச்சி, ரயிலுக்குச் செலவழித்தால் நட்டம் என்ற கணக்கை நாம் ஏற்க மாட்டோம்.

2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயில் விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், அதில் 35 ரூபாய். வசதி உள்ளவர்கள் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாதையே போதவில்லை என்கிற இடத்தில், கூட்ட நேரத்தில் சாதாரண வண்டிக்கு உரிய நேரத்தை ஏ.சி. வண்டிக்குக் கொடுக்காதீர்கள். சீசன் டிக்கெட்டில் போகிற துப்புரவுத் தொழிலாளியும் ஜவுளிக்கடைப் பெண்ணும் அந்த நேரத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். மெட்ரோ வரப்போகிறதே என்பார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரைக்கும்தான் அந்தத் திட்டம். பொத்தேரிக்காரரும் சிங்கப்பெருமாள்கோவில்காரரும் மின்சார ரயிலைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்தத் துயரத்துக்கு யார் பொறுப்பு? வீட்டுமனைக்கு அனுமதி தருபவர் ஒருவர். ரயில் விடுபவர் ஒருவர். பேருந்து விடுபவர் ஒருவர். மெட்ரோ கட்டுபவர் இன்னொருவர். மும்பையில் 1999-லேயே ரயில்வே அமைச்சகமும் மகாராஷ்டிர அரசும் 51-க்கு 49 என்ற பங்கில் புறநகர் ரயிலுக்காகவே ஒரு நிறுவனம் தொடங்கின. பெங்களூருவில் 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. கர்நாடக அரசும் ரயில்வேயும் சேர்ந்த நிறுவனம் அதைக் கட்டுகிறது. அங்கே வேலை மெதுவாக நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாமதம் ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்த ஊர் மக்களுக்குத் தெரியும். 1931-லேயே மின்சார ரயில் ஓடிய சென்னைக்கு அப்படி ஒரு கதவு இல்லை. நமக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2010-இல் சட்டம் வந்தது, முதல் கூட்டம் நடந்தது 2022-இல். ஒரே செயலியில் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் டிக்கெட் எடுக்க வழி செய்தார்கள், பாராட்டுகிறேன். டிக்கெட் கிடைத்தவனுக்கு வண்டியும் வேண்டுமே!

மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் ஒரே குரலில் சொல்கிறோம். சென்னைப் புறநகர் ரயிலுக்கென்று கூட்டு நிறுவனம் தொடங்குங்கள். பணத்தில் இருவரும் பங்கு போடுங்கள், பழியிலும் பங்கு எடுங்கள். நான்காவது பாதை முடியும் வரை காத்திருக்காமல், கூட்ட நேரத்தில் தாம்பரத்தோடு திரும்புகிற வண்டிகளில் முடிந்தவற்றையெல்லாம் இன்றைக்கே கூடுவாஞ்சேரி வரையாவது நீட்டுங்கள். 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினீர்கள். தயாராகிவரும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் புதிய ரயில் பாதைகளுக்கான நிலத்தை இப்போதே குறித்து வையுங்கள். வீடு கட்டிய பிறகு இடிக்க வராதீர்கள். ஆதம்பாக்கம் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

தோழர்களே, இந்த மேடைக்குப் பக்கத்தில் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பெட்டியில் கூட வருகிறவர்களிடமும் வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும் சரி, ஒரே கேள்வி கேளுங்கள்: நான்காவது பாதையில் வண்டி எந்த ஆண்டு, எந்த மாதம் ஓடும்? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவருக்கு உட்கார நாற்காலி கொடுங்கள். தர மறுப்பவருக்கு உங்கள் ஓட்டைக் கொடுக்காதீர்கள்.