எழுத்தும் ஓர் உழவே

(இளம் எழுத்தாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"எழுதிப் பிழைக்க முடியுமா?" என்று உங்களில் ஒருவர் சற்று முன்னர் என்னை வினவினார். விடையாக ஒரு மனிதரின் வாழ்வை உங்கள் முன் வைக்கின்றேன்.

1927ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பிறந்த டொமினிக் ஜீவா, பள்ளிப் படிப்பை இளமையிலேயே இழந்தவர், முடிதிருத்தும் தொழிலாளி. சாதியின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட அத்தொழிலை அவர் ஒருபோதும் மறைத்தாரல்லர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது.

முதற் பாடம் இதுவே: எழுத்தை நம்பித் தொழிலைக் கைவிடாதீர்கள். தோட்டக்காரனுக்குக் கிணறு எப்படியோ, எழுத்தாளனுக்குத் தொழில் அப்படி. சோறும் அங்கிருந்தே வரும். கதையும் அங்கிருந்தே ஊறும்.

பரிசு கிடைத்ததென்று அவர் ஓய்ந்துவிடவில்லை. 1966இல் 'மல்லிகை' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அச்சான பிரதிகளைத் தாமே சுமந்து, வீதி வீதியாகச் சென்று விற்றார். புகையிலையை உணர்த்திப் பாடஞ்செய்த கமக்காரன், அதனைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல நாணுவானா? தன் எழுத்தை வாசகனிடம் கொண்டு சேர்ப்பதும் எழுத்தாளனின் கடமையே. இஃது இரண்டாம் பாடம்.

மூன்றாவது பாடம் இவற்றினும் பெரிது. அவ்விதழிலே அவர் தம் பெயரை மட்டும் வளர்க்கவில்லை. புதியவர்களுக்கு இடமளித்தார், எழுத்தாளர், கலைஞர்தம் படங்களை அட்டையிலே பொறித்துப் பெருமைப்படுத்தினார். போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்ட காலத்தையுங் கடந்து 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தது 'மல்லிகை'. 2021இல் அவர் மறைந்தபோது, அதிலே எழுதி வளர்ந்த ஒரு தலைமுறையே அவருக்குக் கண்ணீர் சிந்தியது. தன் வயலுக்கு மட்டும் நீர் பாய்ச்சுபவன் நல்ல கமக்காரனல்லன்; அயல் வயலுக்கும் வாய்க்காலைத் திறந்துவிடுபவனே ஊரை வாழ்விப்பவன்.

இறுதியாக, இங்கே வீற்றிருக்கும் வைத்தியர்களுக்கும், சட்டத்தரணிகளுக்கும், ஆசிரியர்களுக்கும், கமக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூல் வெளியிட்டவனைக் கண்டதும், "எனக்கொரு பிரதி தாரும்" என்று கைநீட்டுகின்றோம். உழவனிடம் ஒரு மூடை நெல்லை இனாமாகக் கேட்க நமக்கு மனம் வருமா? எழுதுகின்றவனும் வியர்வை சிந்தியே விளைவிக்கின்றான். எழுதிப் பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, பாதி எழுதுகின்றவன் கையிலே. மறுபாதி, விலைகொடுத்து வாங்கும் உங்கள் கையிலே!