கை மரத்துப் போகிறதா? அளந்து பார்த்துவிடுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நரம்புப் பரிசோதனை டெக்னீஷியன் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டிபன் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

லிஃப்டில் பார்க்கும்போது பலர் கேட்கிறீர்கள்: "டாக்டர் என்.சி.வி. டெஸ்ட் எழுதிட்டார் சார். ஷாக் வைப்பாங்களாமே?" ஆமாம், வைப்பார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுள்ளென்று இருக்கும். ஒவ்வொரு ஷாக்கும் நீடிப்பது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிதான். தசையில் ஊசி ஏற்றிப் பார்ப்பது இ.எம்.ஜி. என்ற வேறு டெஸ்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி பயம்.

என்ன செய்கிறோம்? கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதையில் ஒரு பட்டையை ஒட்டுவோம். மணிக்கட்டில் நரம்பைத் தூண்டினால் சுமார் 3.5 மில்லிநொடியில் அந்தச் சதை துடிக்கும். பிறகு முழங்கையில் தூண்டுவோம், அப்போது 7.5 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தால் 22 செ.மீ. அந்த 22 செ.மீ.யைக் கடக்க 4 மில்லிநொடி. அதாவது நொடிக்கு 55 மீட்டர், மணிக்கு 200 கி.மீ.க்குப் பக்கம்! பொதுவாகக் கையில் 50, காலில் 40 மீட்டருக்கு மேல் இருந்தால் சரி.

ஒரே இடத்தில் தூண்டினால் போதாதா? போதாது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி தாவவே கொஞ்ச நேரம் பிடிக்கும். இரண்டு இடத்தில் எடுத்துக் கழித்தால் அந்தத் தாமதம் அடிபட்டுப்போகும். 1850இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்ததும் இதே கணக்குதான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்ன எனக்கு வீட்டில் மதிப்பில்லை. என் மனைவி இரவில் எழுந்து கையை உதறுவாள். "வா, பத்து நிமிஷ வேலை" என்றால், "உங்க கரண்ட் எனக்கு வேண்டாம்" என்பாள். ஒன்றரை வருடம் வைட்டமின் மாத்திரையிலேயே ஓட்டினாள். கடைசியில் எடுத்தபோது மணிக்கட்டிலிருந்து சதைக்கு 6.8 மில்லிநொடி, முழங்கையிலிருந்து 10.9. கழித்துப் பாருங்கள், முன்கையில் வேகம் 54 மீட்டர், நன்றாகவே இருக்கிறது. ஆக, நரம்பு நசுங்கியிருப்பது மணிக்கட்டில். ஆபரேஷன் செய்ததும் மரமரப்பு போய்விட்டது. ஆனால் அதற்குள் கட்டை விரல் சதை வற்றிவிட்டது. இன்றும் ஜாக்கெட் ஊக்கு மாட்டச் சிரமப்படுகிறாள். சீக்கிரம் பார்த்திருந்தால் அந்தச் சதையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ரிப்போர்ட்டில் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒயரின் மேலுறை போனால் வேகம் குறையும். உள்ளே இருக்கும் கம்பியே அறுந்தால் துடிப்பின் உயரம் குறையும். சர்க்கரை நோயில் இரண்டும் நடக்கலாம். இன்னொன்று, உள்ளங்கால் எரிச்சல் இருந்தும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். இந்த டெஸ்ட் தடித்த நரம்பு இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலைச் சொல்பவை மெல்லியவை. "நார்மல்தானே" என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

டெஸ்டுக்குப் போகும் அன்று கை காலில் எண்ணெய், கிரீம் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருந்தால் சூடுபடுத்தச் சொல்லிக் கேளுங்கள். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் சுமார் 2 மீட்டர் குறைந்து, இல்லாத நோயைக் காட்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் கால் பலமிழந்து, அந்தத் தளர்ச்சி மேலே ஏறிக்கொண்டே போனால், அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுவிடும் தசையையும் பிடிக்கும். முதல் சில நாள் என்.சி.வி. நார்மலாகக்கூட வரும். நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ராத்திரி வண்டி வேண்டுமென்றால் என் வீட்டு இன்டர்காமை அடியுங்கள், நான் வருகிறேன்.