"முத்திப்போச்சு" என்றால் என்ன?

(குடும்ப நல விளக்க வரிசை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் வியாபாரிகள், சுமைத் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



அடுத்த லாரி வருவதற்குள் பேச்சை முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். புகையிலையை வாயில் அடக்காதீர்கள் என்று பல கூட்டங்களில் சொல்லியாகிவிட்டது. கேட்டவர் சிலர், கேட்காதவர் பலர். இன்றைய பேச்சு அதுவல்ல. புற்றுநோய் வந்து, "முத்திப்போச்சு" என்று டாக்டர் சொன்ன பிறகு என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "இனிமே என்ன இருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று நோயாளியைத் திண்ணையில் படுக்க வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தாலிச் செயினை அடகு வைத்து, தண்டல்காரரிடம் பணம் வாங்கி, யார் எந்த ஊர் சொன்னாலும் அந்த ஊருக்கு ஓடுவார்கள். இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. எங்கே முத்தியிருக்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

டாக்டர்கள் நோயை ஒன்று முதல் நான்கு வரை நிலை பிரிப்பார்கள். நான்காம் நிலை என்றவுடன் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாய்ப்புற்றில் கட்டி தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தால் அதையும் நான்காம் நிலை என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அறுவை செய்து, பிறகு கதிர் சிகிச்சை கொடுத்து, குணப்படுத்தும் நோக்கத்தோடே வைத்தியம் பார்க்கிறார்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியது வேறு சங்கதி. சீட்டில் இருக்கும் எண் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்று இடுப்பெலும்புச் சுவர் வரை பரவியிருந்தால், அல்லது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டால், மூன்றாம் நிலையின் பிற்பகுதி என்பார்கள். இப்படிப்பட்ட 850 பெண்களை பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 46 பேர் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கதிரோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின் ஊசியும் பெற்றவர்களில் 54 பேர். "முத்திப்போச்சு" என்று நாம் கைகழுவும் இடத்தில், பாதிப் பேர் பிழைத்திருக்கிறார்கள்!

ஆனால் அவர்கள் சிகிச்சையைப் பெற்றவர்கள். கரண்ட் வைப்பது என்று நாம் சொல்கிற கதிர் சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாளாகச் சுமார் ஐந்து வாரம் வெளியிலிருந்து கொடுப்பது. பிறகு கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துக் கொடுப்பது. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்துப் போனால் பலன் குறையும். இங்கேதான் சங்கடம். ஆரம்பித்த சில வாரத்திலேயே பலருக்கு உதிரப்போக்கு நின்றுவிடும். "நின்னுடுச்சே, இனி எதுக்கு? கடையை எத்தனை நாள் மூடி வைக்கிறது?" என்று மறுபடி தக்காளிக் கூடையின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தரைக்கடைக்காரருக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் பட்டினி, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அம்மா, உதிரம் நின்றது கட்டி கரைந்ததற்கு அடையாளம் அல்ல. அந்த எட்டு வாரத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் முறைபோட்டு அவருடைய இடத்தைப் பார்த்துக்கொண்டால், அது எந்த மருந்துக்கும் குறைந்த உதவி அல்ல.

இனி, உடம்பெங்கும் பரவியவர்கள், அறுக்கவோ கதிர் வைக்கவோ முடியாது என்று சொல்லப்பட்டவர்கள். இங்கே மறைத்துப் பேசுவது நியாயமில்லை. பெரும்பாலும் குணமாகாது. அதற்காக வைத்தியமே இல்லை என்பதும் பொய். தலை, கழுத்துப் பகுதியில் இப்படி முற்றியவர்களுக்கு, விலை உயர்ந்த நிவோலுமேப் என்ற ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மாத்திரைகளோடு சேர்த்து பம்பாயில் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவின்படி, ஒரு வருஷம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 16 பேர், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 பேர். நடுக்கணக்கு ஏழு மாதத்திலிருந்து பத்து மாதமாயிற்று.

நடுக்கணக்கு என்றால் என்ன? நூறு பேரை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு. அவருக்கு முன்னால் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர். "பத்து மாசம்னு டாக்டர் தேதி குறிச்சுட்டார்" என்று வீட்டில் அழ வேண்டாம். அது தேதி அல்ல.

ஆகவே டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: "ஐயா, இந்த வைத்தியம் குணமாக்கவா, நாளை நீட்டிக்கவா, வலியைக் குறைக்கவா?" நாளை நீட்டிக்க என்றால், எவ்வளவு நீளும், அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியிலேயே போகும் என்றும் கேளுங்கள். வீட்டை அடகு வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நோயாளிக்குத் தெரியாமல் கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. வாழப்போகிறவர் அவர். பெரும்பாலானவர்கள் எப்படியும் ஊகித்துவிடுகிறார்கள், பிறகு வீட்டில் ஒருவருக்கொருவர் நடிப்புத்தான் மிச்சம்.

வலிக்கு வருகிறேன். மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் பழக்கமாகிவிடும், சாகிற காலத்தில்தான் கொடுப்பார்கள் என்றொரு பயம் இருக்கிறது. டாக்டர் சொல்கிற அளவில், நேரம் தவறாமல் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த முட்டுக்கட்டைகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். வலியும் மூச்சுத்திணறலும் தணிக்கும் இந்த வலிநிவாரணப் பராமரிப்பைக் கடைசி நாளுக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பரவிய நுரையீரல் புற்று உள்ளவர்களுக்கு அதை முதலிலிருந்தே கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அந்த முடிவில், நடுக்கணக்கு ஒன்பது மாதத்திலிருந்து கிட்டத்தட்ட பன்னிரண்டு மாதமாயிற்று. அத்தனைக்கும் இவர்கள் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சையைக் குறைவாகவே பெற்றவர்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்சு வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதலான உதவி செய்வார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். சிகிச்சை தொடங்க வேண்டியவர்கள் புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டை மடித்துக் கசக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அது தொலைந்துவிட்டால் மறுபடி சதை எடுக்கும்படி ஆகலாம், அதிலேயே நாட்கள் ஓடிவிடும்.