மணல் தீவின் மனிதர்கள்



அமெரிக்காவின் வட கரோலினாவில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவுகள் அவுட்டர் பேங்க்ஸ். புயலலையை முதலில் தாங்குபவை இவைதான்.

இங்கே 1903இல் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்ததைப் படம் பிடித்தவர் ஜான் டேனியல்ஸ். கடல் மீட்புப் பணியில் இருந்த உள்ளூர்க்காரர்!

அதே தீவுகளில் பீ ஐலண்டு மீட்பு நிலையமும் இருந்தது. தலைவர் ரிச்சர்ட் எதரிட்ஜ், அடிமையாகப் பிறந்தவர். அவரும் அவருடைய வீரர்களும் கறுப்பினத்தவர். 1896 அக்டோபர் புயலில் ஒரு கப்பல் தரைதட்டியது. படகு இறக்க வழியில்லை. இருவர் இருவராக இடுப்பில் கயிறு கட்டி நீந்திப் போனார்கள். கேப்டனின் மனைவி, சிறு பிள்ளை உட்பட 9 பேரையும் கரை சேர்த்தார்கள்.

அந்த வீரத்துக்குத் தங்கப் பதக்கம் வந்ததோ, 1996இல்!

ஓர் ஊருக்குப் போனால் கடற்கரையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கரையைக் காத்தவர்களைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.