துறவியார் தந்த பட்டியல்



ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கின்றோம். 2, 3, 5, 7 என்பன சிறுவரும் அறிந்தவை. இன்று நாம் பேசக் கருதுவது 39 இலக்கமுள்ள ஒன்றைப் பற்றி: 170141183460469231731687303715884105727. இரண்டின் 127ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் வரும்.

இவ்வழியால் வருவனவெல்லாம் முதன்மை எண்களோ? அல்ல. வலு 2, 3, 5, 7 ஆகும்போது 3, 7, 31, 127 என முதன்மை எண்களே கிடைக்கின்றன. வலு 11 ஆனதும் வருவது 2047; அதுவோ 23ஐ 89ஆற் பெருக்கிய எண்.

பிரான்சு தேசத்துத் துறவியாகிய மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள வலுக்களுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண் தருவன என்றார். நிறுவல் எதுவும் தரவில்லை. ஐரோப்பிய அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பெரியவர் அவர். ஆதலால் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. மதிப்பு வேறு, நிறுவல் வேறன்றோ?

127ஆம் வலுவை வகுத்துப் பார்த்தே தீர்ப்பதென்றால், அதன் வர்க்கமூலம் வரை, ஏறக்குறைய 1,30,000 கோடி கோடி வரை, செல்லவேண்டும். நொடிக்கு ஓர் எண்ணாக வகுத்தாலும் 40,000 கோடி ஆண்டுக்கு மேலாகும்!

1876இல் எட்வார் லூக்கா என்னும் பிரெஞ்சு ஆசிரியர் வேறு வழி கண்டார். அதனை அமெரிக்கரான லேமர் 1930களில் எளிமையாக்கிய வடிவிற் கூறுவோம். வலு, 2 அல்லாத ஒரு முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். 4இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதனையும் அவ்வாறே செய்க. வலுவில் இரண்டு குறைந்த தடவை செய்தபின் மீதி 0 ஆனால் அது முதன்மை எண், இல்லையேல் அன்று.

31ஐ எடுப்போம். வலு 5, ஆகவே மூன்று தடவை. 4இலிருந்து 14. அதன் வர்க்கம் 196. 2 போக 194. 31ஆல் வகுக்க மீதி 8. அதன் வர்க்கம் 64, 2 போக 62, மீதி 0. முடிந்தது. 127ஆம் வலுவுக்கோ 125 தடவை. பெரும்பாலும் 39 இலக்கம் வரையுள்ள எண்களை வர்க்கித்தல் வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான்; எனினும் ஓர் ஆயுளுக்குள் அடங்கும். லூக்கா தம் முறையால் அவ்வெண் முதன்மை எண்ணே என்று காட்டினார். 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட முதன்மை எண்களுள் அதுவே மிகப் பெரியதாய் நின்றது.

துறவியார் வென்றார் என்பீர்கள். அதே ஆண்டில் அதே லூக்கா 67ஆம் வலுவைச் சோதித்து, அது முதன்மை எண் தராது என்றும் கண்டார். 257உம் பின்னர் பிழையாயிற்று. 61, 89, 107 விடுபட்டிருந்தன. பட்டியலை முழுதும் நம்பியவர் 67இல் தவறியிருப்பார். முழுதும் தள்ளியவர் 127ஐ இழந்திருப்பார்.

இதில் நமக்கு மிக வியப்பானது ஒன்றுண்டு. 67ஆம் வலுவின் எண் பகுபடும் என்று தெரிந்தும், எவற்றாற் பகுபடும் என்பது 27 ஆண்டு தெரியவில்லை. 193707721, 761838257287 என்னும் காரணிகளை 1903இல் கோல் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். உள்ளிருப்பதைக் காணாமலே உள்ளே ஏதோ உண்டென்று ஐயமற அறியலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண், இரண்டின் 136279841ஆம் வலுவில் ஒன்று குறைந்தது, 4,10,24,320 இலக்கமுடையது. கணினிகளைக் கொண்டு அதனை உறுதிசெய்ததும் 4இல் தொடங்கும் இக்கணக்கே.

இளைஞர்கள் இன்றிரவே 127ஐச் சோதிக்கலாம். ஐந்து தடவை போதும். பின் 2047ஐ எடுத்து ஒன்பது தடவை செய்யுங்கள்; மீதி எஞ்சி நிற்கும்.